90 நொடியில் வேகும் பீட்சாவுக்கு 40 நிமிடம் காத்திருக்கலாம்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு குயிலாப்பாளையம் பக்கம் ஒரு விறகடுப்பு பீட்சா கடைக்குப் போயிருந்தேன். ஆரோவில் போகும் வழி. மரத்தடியில் மேசைகள், செம்மண் தரை, ஓரத்தில் மண் பூசிய குவிமாட அடுப்பு. ஏழரைக்கு உட்கார்ந்தோம். பீட்சா வரும்போது எட்டேகால்.

பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டு அண்ணன் பரிமாறும் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, ஒன்றரை நிமிஷத்துல வெந்துடும்னு நீங்கதானே மெனுவுல போட்டிருக்கீங்க? 40 நிமிஷமா என்ன பண்றீங்க?" என்று கேட்டார். பையனுக்குப் பதில் வரவில்லை. "கூட்டம் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. எந்தக் கடையும் அதை வாடிக்கையாளருக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தோசைக்கல்லுக்குக் கீழே தீ எரிகிறது. அடுத்தடுத்து ஊற்றினால் கல்லின் சூடு ஏறிக்கொண்டே போகும்; நாம் தண்ணீர் தெளித்துத் தணிக்கிறோம். பீட்சா அடுப்பு இதற்கு நேர் எதிர். தீ உள்ளேயே ஓர் ஓரத்தில் எரிகிறது, தரைக்கல்லுக்கு அடியில் எதுவும் இல்லை. சாயங்காலம் கடை திறப்பதற்கு முன்பே விறகு போட்டு மணிக்கணக்கில் ஏற்றி வைத்த சூட்டைத்தான் அந்தக் கல் மாவுக்குக் கொடுக்கிறது. ஈர மாவு ஒன்று வெந்து வெளியே வந்ததும் அந்த இடம் சூடு இழந்து நிற்கும். பழைய சூடு திரும்பக் கொஞ்ச நேரம் விட வேண்டும், அல்லது தணலை அந்த இடத்துக்குத் தள்ளிப் பரப்பி, பிறகு ஒதுக்கித் துடைத்துவிட்டு அடுத்ததை இறக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு பீட்சாவுக்குத்தான் இடம். முன்னால் பத்து மேசை இருந்தால் 40 நிமிடம் ஆகத்தான் செய்யும்.

இந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் வேறொரு ஊரில், ஒரு சனிக்கிழமை இரவு, இடம் நிரம்பி வழிந்த ஒரு கடை. 12 நிமிடத்தில் நான்கு பீட்சாவும் மேசைக்கு வந்துவிட்டன. மேலே பார்க்க அழகு: சீஸ் உருகி, விளிம்பு உப்பி, கருப்புப் புள்ளிகளோடு இருந்தது. அம்மா ஒரு துண்டை எடுத்தார், தோசையைப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்தார், "அடி வேகலையேடா" என்றார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. தீயின் அனல் மேல்பக்கத்தைச் சிவக்க வைத்துவிட்டது. ஆறிப்போன கல் அடிப்பக்கத்தை வேகவிடவில்லை. மகளுக்கு அன்று இரவு முழுக்க வயிறு உப்புசம். அந்தக் கடைக்கு இணையத்தில் 'சர்வீஸ் சூப்பர் ஃபாஸ்ட்' என்று ஐந்து நட்சத்திரமாகக் குவிந்து கிடக்கிறது. எங்கள் குயிலாப்பாளையம் கடைக்கு 'ரொம்ப லேட்' என்று ஒற்றை நட்சத்திரங்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த பீட்சாவின் சொந்த ஊர் இத்தாலியின் நேப்பிள்ஸ். அங்கே 1984-இல் தொடங்கிய பீட்சா சங்கம் ஒன்று இதற்கென்று விதிமுறையே எழுதி வைத்திருக்கிறது. அடுப்புக்குள் சூடு சுமார் 485 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வேக வேண்டும், குறுக்களவு 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் வீட்டு மின் ஓவன்கள் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். நேப்பிள்ஸின் பீட்சா செய்யும் கலையை 2017-இல் யுனெஸ்கோ மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த மரியாதை அடுப்பின் முன்னால் நிற்பவரின் கைக்குக் கிடைத்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் 'கருகிவிட்டது' என்கிற புகார். விளிம்பில் பொட்டுப் பொட்டாகக் கருப்பு இருப்பது கருகல் ஆகாது. நன்றாகப் புளித்த மாவு உப்பி, அந்தக் கொப்புளத்தின் முனையில் அனல் பட்டதன் அடையாளம் அது. ரொட்டியைத் தணலில் சுடும்போது வருமே, அதே வாசனை. ஆனால் அடிப்பக்கம் முழுக்கக் கரி அப்பி, வாயில் கசந்தால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். முந்தைய பீட்சாவிலிருந்து உதிர்ந்த மாவு கல்லில் கிடந்து தீய்ந்திருக்கும், அதைத் துடைக்காமல் அடுத்ததை இறக்கியிருப்பார்கள். அது கடையின் தவறுதான். 'நடுவில் ஈரமாக இருக்கிறது' என்கிற புகாரையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேப்பிள்ஸ் பீட்சாவின் நடுப்பகுதி மெல்லிசாக, தொய்வாகத்தான் இருக்கும், மடித்துச் சாப்பிட வேண்டியது. தக்காளிச் சாற்றுக்கு அடியில் பச்சை மாவு பிசுபிசுவென்று ஒட்டினால் மட்டும் சொல்லுங்கள்.

நம் பக்கமும் ஒன்று கேட்கிறேன். வந்ததும் சாப்பிடுங்கள். அன்று பக்கத்து மேசைக்கு ஒருவழியாக பீட்சா வந்தபோது, எல்லோருக்கும் வரட்டும் என்று முதல் தட்டை அப்படியே வைத்திருந்தார்கள், அப்புறம் படம் எடுத்தார்கள். பத்து நிமிடம் போயிருக்கும். அதற்குள் சீஸ் இறுகி, விளிம்பு தோல் மாதிரி ஆகிவிடும். 40 நிமிடம் காத்திருந்து வாங்கியதை அவர்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை. முதலில் வருவதை எல்லோரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டால் போதும், அதற்குள் அடுத்தது வந்துவிடும். பார்சலும் இந்த பீட்சாவுக்கு ஒத்துவராது. அட்டைப் பெட்டிக்குள் ஆவி அடைத்து அரை மணியில் சொதசொதவென்று ஆகிவிடுகிறது.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. உட்காரும்போதே "இப்போது 40 நிமிடம் ஆகும்" என்று சொல்லிவிடுங்கள். பசியோடு இருக்கும் பிள்ளைக்கு முதலில் ஒரு சாலட்டோ சூப்போ வாங்கிக் கொடுத்துக்கொள்வோம். பீட்சா மாவைப் பல மணிநேரம் புளிக்க விட்டுத்தான் உருட்டி வைக்கிறீர்கள், எத்தனை உருண்டை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தீர்ந்ததும் 'மாவு முடிந்தது' என்று பலகை மாட்டுங்கள். அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போக எனக்குச் சம்மதம். அவசரமாகப் பிசைந்த மாவை வேகாத அடியோடு சாப்பிடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

எங்களுடையது வந்ததும் அம்மா வழக்கம்போல ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தார். அடி பொன்னிறமாக, அங்கங்கே கரும்புள்ளிகளோடு இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடத் தொடங்கினார். பணம் கட்டிவிட்டு அடுப்புப் பக்கம் போனோம். பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவர், தோளில் துண்டு, கையில் நீளக் கைப்பிடிப் பலகை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. அந்த அனலை இரண்டு நிமிடம்கூட என்னால் தாங்க முடியவில்லை. அவர் அங்கே ஐந்து மணியிலிருந்து நிற்கிறார். அம்மா அவரிடம், "நல்லா வெந்திருந்துச்சுப்பா. அவசரப்படாம போடு" என்றார். அவர் சிரித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தணலை ஓரமாக ஒதுக்கினார்.