உப்புக்கு என்ன அவசரம்?

லூபெக் நகரம் என்றால் எல்லோரும் செங்கல் கோபுரங்களைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள். அந்தக் கோபுரங்களுக்குப் பின்னால் உப்புக் காசும் நிறைய இருக்கிறது. அந்த உப்பு வந்த வழிதான் வடக்கு ஜெர்மனியின் ஸ்டெக்னிட்ஸ் கால்வாய்.

லூனபர்க் என்ற ஊரில் நிலத்தடி உப்புநீரை ஈயத் தொட்டிகளில் ஊற்றி, விறகை எரித்துக் காய்ச்சினார்கள். அதை வாங்கிய லூபெக் வணிகர்கள், இன்றைய தெற்கு ஸ்வீடனின் ஸ்கோன கடற்கரையில் பிடிபட்ட ஹெர்ரிங் மீனைப் பீப்பாயில் உப்பிட்டு அடைத்து விற்றார்கள். (நம் கருவாடு மாதிரி காயப்போடலாமே என்றால், அங்கே வெயில் ஏது?) மாமிசம் விலக்கிய நோன்பு நாட்களில் ஐரோப்பாவுக்கே அந்த மீன் தேவைப்பட்டது. உப்பை லூபெக்குக்கு வண்டி கட்டி இழுத்துக் கட்டுப்படியாகவில்லை. 1390-களில் கால்வாய் வெட்டத் தொடங்கி, 1398-ல் முதல் உப்புப் படகுகளை லூபெக்கில் பார்த்தார்கள்.

ஐரோப்பாவில் மேட்டைத் தாண்டிப் போன முதல் கால்வாய்களில் ஒன்று என்று இதைப் புகழ்வார்கள். எனக்கென்னவோ அதன் மெத்தனம்தான் பிடித்திருக்கிறது. புதிதாக வெட்டியது சுமார் 11 கிலோமீட்டர்தான். மற்றபடி டெல்வனாவ், ஸ்டெக்னிட்ஸ் என்ற இரண்டு சிற்றாறுகளே வழி. நேராகப் போனால் 56 கிலோமீட்டர், தண்ணீரில் 97. எல்பே ஆற்றிலிருந்து மேடு வரைக்கும் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். மேடு தாண்டினால் வேறு கதை: மதகை அடைத்துத் தண்ணீர் சேரும்வரை சும்மா கிடப்பார்கள். அப்புறம் திறந்துவிட்டதும் பாய்கிற வெள்ளத்தோடு படகுகளும் கீழே போகும். அடுத்த மதகில் மறுபடியும் காத்திருப்பு. முழுப் பயணத்துக்கு இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல். நடந்தே போயிருந்தால் மூன்று நாள்!

இதைப் படித்துவிட்டு “இதுக்கா இவ்வளவு செலவு?” என்று சிரிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உப்பு என்ன, அழுகிப் போகிற தக்காளியா? ஏழு டன்னுக்கு மேல் ஏற்றிய படகு மெதுவாக வந்தால் என்ன குறைந்துவிடும்? அந்த வணிகர்கள் கணக்குப் போட்டது எடைக்கு, நேரத்துக்கு இல்லை. ஆனால் அந்தக் கயிற்றை இழுத்த தோள்களைப் பற்றிக் கோபுரப் படங்களில் ஒன்றும் தெரியாது.

பிறகு பிரான்ஸின் கடலுப்பு மலிவாக வந்து இறங்கியது, லூனபர்க் உப்புக்கு மவுசு குறைந்தது. 1900-ல் ஏறக்குறைய அதே தடத்தில் பெரிய எல்பே-லூபெக் கால்வாய் வந்தது. எல்பே கரையிலுள்ள லாவன்பர்க்கில் பழைய மதகு ஒன்று இன்னும் மிச்சம், அதன் கல்கட்டும் 1724-ல் கட்டியதுதான். லூனபர்க் உப்பாலையோ 956-லேயே ஆவணத்தில் இருக்கிறது. அது 1980 வரைக்கும் ஓடியது.