மரவேலை இயந்திரக் கண்காட்சிக்கு யார் போக வேண்டும்?

திருநெல்வேலிப் பேட்டையில் மரப்பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணாச்சி, எல்லா மிஷினும் யூடியூப்லயே ஓடுது. வெல கேட்டா வாட்ஸ்அப்ல கொட்டேஷன் வந்துருது. இன்னும் எதுக்கு பெங்களூருக்கு அலையணும்?" வேலை நேரத்தில் வந்த அழைப்பு என்பதால் அப்போது இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் இதே கேள்வியைத் தச்சநல்லூரிலும் தென்காசியிலும் தொழில் செய்யும் வேறு சிலரும் கேட்டிருப்பதால், என் கருத்தை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

மரவேலை இயந்திரக் கண்காட்சிக்குப் போவது இன்றும் பயனுள்ளதுதான். ஆனால் பட்டறை முதலாளி மட்டும் தனியே போய்வந்தால் அந்தப் பயணத்தில் பாதிக்கு மேல் வீண். இயந்திரத்தின் முன் நாள் முழுதும் நிற்கப் போகிறவர் யாரோ, அவர் போக வேண்டும். இதை நான் பணத்தை இழந்து கற்றுக்கொண்டேன்.

நம் பக்கத்திலிருந்து போகக்கூடிய பெரிய கண்காட்சி பெங்களூரில் நடக்கும் இந்தியாவுட்தான். இரட்டைப்படை ஆண்டுகளில், தும்கூர் சாலையில் உள்ள பன்னாட்டுக் கண்காட்சி மையத்தில் நடக்கிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில் டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் டெல்லிவுட் நடக்கிறது. அது நமக்கு எட்டாத தூரம். நாகர்கோவிலிலிருந்து வரும் பெங்களூரு ரயிலில் திருநெல்வேலியில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கிவிடலாம். முன்பெல்லாம் நகரத்திலிருந்து மையத்துக்குப் போகவே அரை நாள் கழிந்துவிடும். 2024 நவம்பரில் மெட்ரோ ரயில் மையத்தை ஒட்டிய மாதாவரா வரை நீண்டுவிட்டதால் அந்தத் தொல்லையும் குறைந்திருக்கிறது.

2018இல் நான் தனியாகப் போனேன். பலகையின் ஓரத்தில் நாடா ஒட்டும் எட்ஜ் பேண்டிங் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது. ஒரு கடையில் அந்த இயந்திரம் காலையிலிருந்து மாலைவரை ஓடிக்கொண்டே இருந்தது. மரநாரை அழுத்திச் செய்த, ஒரே கனமுள்ள 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகைகள் ஒரு முனையில் நுழைந்து, பசைக்கோடு கண்ணுக்கே தெரியாதபடி மறுமுனையில் வெளிவந்தன. கண்காட்சிக்கு மட்டுமான விலை என்று சொன்னதை நம்பி அங்கேயே முன்பணம் கொடுத்தேன்.

இயந்திரம் வந்து இறங்கிய அன்று எங்கள் மூத்த ஆசாரி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "தம்பி, பிளைவுட்டு ஒரே கனமா இல்லேன்னா இது என்ன செய்யும்?" அந்தக் கேள்வியை நான் பெங்களூரில் கேட்டிருக்கவில்லை. நம் ஊரில் கிடைக்கும் பிளைவுட் ஒரு ஷீட்டுக்கும் அடுத்த ஷீட்டுக்கும் அரை மில்லி, முக்கால் மில்லி வித்தியாசப்படும். அதன்மேல் நாமே கையால் மைக்கா ஒட்டுகிறோம். நாடாவின் துருத்தலை மேலும் கீழும் சீவும் கத்திகள் பலகையின் கனத்தை நம்பி நிற்பவை. கனம் மாறினால் ஒரு பலகையில் நாடா துருத்திக்கொண்டு நிற்கும், அடுத்ததில் மைக்காவையே சீவிவிடும். மாலையில் மின்னழுத்தம் இறங்கும்போது, சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற வேண்டிய பசைத்தொட்டி ஏறாமல் தயங்கி நிற்கும். அந்த நேரத்தில் ஒட்டிய நாடா சில மாதங்களில் வாய் பிளந்தது. விற்றவர்களை அழைத்தால் மெக்கானிக் வந்து சேரப் பதினொரு நாள் ஆனது. அதற்குள் இரண்டு சமையலறை வேலைகளின் தேதி தள்ளிப்போய், ஒரு வாடிக்கையாளரை நாங்கள் நிரந்தரமாக இழந்தோம்.

2024 பிப்ரவரியில் நடந்த கண்காட்சிக்கு அந்த ஆசாரியையும், பெரிய பலகைகளை அறுக்கும் பேனல் சா இயந்திரத்தில் நிற்கும் இளைஞர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். ஆசாரி ஒரு சாக்கில் நான்கு துண்டுகளைக் கட்டி எடுத்துவந்தார். ஒன்று, செங்கோட்டை அறுவை மில்லில் வாங்கிய, நடுவே கணு உள்ள தேக்குத் துண்டு. மற்றவை நாங்கள் அன்றாடம் புழங்கும், மைக்கா ஒட்டிய, வெவ்வேறு கனமுள்ள பிளைவுட் துண்டுகள். சில கடைகளில் வெளிப்பலகையை இயந்திரத்தில் ஏற்றக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பும் எங்களுக்கு ஒரு தகவல்தான். மூன்று கடைகளில் மனமுவந்து ஏற்றிக் காட்டினார்கள்.

அங்கே ஆசாரி நடந்துகொண்ட முறையை நான் அதற்குமுன் எந்த வியாபாரியிடமும் கண்டதில்லை. பலகை ஓடும்போது அவர் பலகையைப் பார்க்கவில்லை. மேசையின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தார். அறுத்து முடிந்ததும் மேற்பக்கத்தை விட்டுவிட்டு, துண்டைத் திருப்பி அடிப்பக்க ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். மைக்கா சில்லுப் பெயர்வது அடிப்பக்கத்தில்தான். அதைத் தடுப்பதற்காகத்தான் பெரிய அறுவை வாளுக்கு முன்னால் சிறிய ஸ்கோரிங் பிளேடு எதிர்த்திசையில் சுழன்று மெல்லிய கீறல் போட்டு வைக்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் படி விழும், அந்தப் படி நகத்துக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தேக்குத் துண்டு அறுபட்டபோது சத்தம் மாறியதைக் கேட்டு, பிளேடு எத்தனை அடிக்கு ஒருமுறை சாணைக்குப் போகும் என்று விசாரித்தார். தேக்கில் சிலிக்கா இருப்பதால் அது வாளின் பல்லைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். எம்.டி.எஃப். அறுத்துக் காட்டும் விற்பனையாளர் தாமாக இதைச் சொல்ல மாட்டார்.

காணொளியில் வராதவை இவைதான். அதிர்வு வராது, அடிப்பக்கம் வராது, சத்தம் இசைக்கு அடியில் மறைந்துவிடும். புதுப் பிளேடும் சீரான மின்சாரமும் உலர்ந்த பலகையும் வைத்து எடுத்த படத்தில் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும். கண்காட்சியிலும் அதே ஏற்பாடு உண்டு என்பது உண்மை. ஆனால் அங்கே நம் பலகையை நீட்ட முடியும், குறுக்குக் கேள்வி கேட்க முடியும்.

தூசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பயணத்தில் என்னை மிகவும் பாதித்தது அதுதான். ஒரே கூடத்தில் பல இயந்திரங்கள் நாள் முழுதும் பலகை அறுக்கின்றன. ஆனாலும் தரையில் தூள் இல்லை, மாலையில் என் சட்டையைத் தட்டினால் ஒன்றும் பறக்கவில்லை. எங்கள் பட்டறையில் அப்போது ஒரு பெடஸ்டல் மின்விசிறி மட்டும்தான் இருந்தது, அது தூளை ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளிடம் தள்ளியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்தும் எதுவும் செய்யவில்லை. முப்பது வருடமாக இருமிக்கொண்டிருக்கும் ஆசாரி அந்தக் கூடத்தின் நடுவில் நின்று, "இங்க மூச்சு லேசா இருக்கு தம்பி" என்று சொன்னபோதுதான் அது எனக்கு உறைத்தது. ஊருக்குத் திரும்பியதும் முதலில் வாங்கியது தூசி உறிஞ்சும் கருவி. புதிய சா வாங்குவதைத் தள்ளிவைத்தோம்.

விரல்களைப் பற்றியும் இதே கவலைதான். நம் பக்கத்துப் பட்டறைகளில் விரல் நுனி இல்லாத கைகளை நான் எண்ணிக்கை தவறும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். தோல் பட்டவுடன் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் வாளை நிறுத்தும் சாஸ்டாப் என்ற ஏற்பாட்டை அதன் கண்டுபிடிப்பாளர் ஸ்டீவ் காஸ் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா மரவேலைக் கண்காட்சியில்தான் தொழில்காரர்கள் முன் செய்து காட்டினார். பெரிய நிறுவனங்கள் அதை எடுத்துக்கொள்ள முன்வராததால் அவரே நிறுவனம் தொடங்கி அந்த ஏற்பாடுள்ள அறுவை இயந்திரங்களை விற்றார். இன்று கை நெருங்குவதைக் கேமரா மூலம் அறிந்து, பிளேடுக்குச் சேதமில்லாமல் நிறுத்தும் ஏற்பாட்டை ஜெர்மனியின் ஆல்டென்டார்ஃப் நிறுவனம் விற்கிறது. விலை நமக்கு எட்டாது. ஆனாலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று நேரில் பார்த்துவிட்ட இளைஞர், தடுப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு அறுப்பது தொழில் தைரியம் என்று இனி நினைக்க மாட்டார். எங்கள் இளைஞரிடம் அந்த மாற்றத்தை நான் பார்க்கிறேன்.

இன்னொரு பயன், சக தொழில்காரர்கள். சாப்பாட்டு வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற சேலத்துக்காரர் ஒருவர், நாங்கள் வைத்திருக்கும் அதே எட்ஜ் பேண்டிங் இயந்திரத்தை ஆறு வருடமாக ஓட்டுகிறவர். கனம் மாறும் பிளைவுட்டுக்கு அவர் செய்திருந்த ஒரு சிறு திருத்தத்தைத் தாளில் வரைந்து காட்டினார். மதுரையில் இருக்கும் ஒரு மெக்கானிக்கின் எண்ணையும் கொடுத்தார். அதன்பிறகு நாங்கள் பதினொரு நாள் காத்திருந்ததில்லை.

யாருக்கு இது தேவையில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நிலை, கதவு, சன்னல் என்று கட்டை மரத்தில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே பார்க்க அதிகம் இல்லை. கண்காட்சியின் பெரும்பகுதி பலகை அறைகலன்களுக்கானது. அம்பாசமுத்திரத்தில் மஞ்சள் கடம்பில் சொப்புச் சாமான் கடைந்து செய்யும் கைவினைஞர்களுக்கு உதவக்கூடிய எதையும் நான் அங்கே காணவில்லை, அது எனக்கு வருத்தம். ஒரே ஒரு இழைப்பு இயந்திரம் வாங்குவதற்காக மட்டும் போவதானால் மதுரை, கோயம்புத்தூர் கடைகளில் ஓட்டிப் பார்த்து வாங்குவதே மேல். விலை குறையும் என்று போவதும் சரியல்ல. கண்காட்சி விலை என்று சொன்ன அதே தொகையைப் பேசினால் இரண்டு மாதம் கழித்தும் கொடுக்கிறார்கள்.

இணையம் வந்துவிட்டதால் கண்காட்சிகளின் காலம் முடிந்தது என்ற வாதத்துக்கு உலகமே ஒரு சோதனை நடத்திப் பார்த்துவிட்டது. 1975 முதல் ஜெர்மனியின் ஹனோவரில் நடக்கும் லிக்னா கண்காட்சி 2021இல் கொரோனாவால் நேரில் நடக்கவில்லை, இணையவழி நிகழ்வுகளே நடந்தன. 2023இல் மீண்டும் நேரில்தான் கூடினார்கள்.

என் மனக்குறை தூரம்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டு மரம் இறங்குகிறது, செங்கோட்டையில் அறுபடுகிறது, பெரும்பாவூர் பிளைவுட் மலை கடந்து லாரியில் வருகிறது. இவ்வளவு மரம் புழங்கும் தெற்கில், மதுரையிலாவது இரண்டு நாள் இயந்திரம் ஓட்டிக் காட்டும் ஒரு கூட்டம் நடத்தக்கூடாதா? அது நடக்கும்வரை, ஏழெட்டுப் பட்டறைகள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, பட்டறைக்கு இரண்டு வேலைக்காரர்களை அனுப்பலாம். அவர்களுக்கு அந்த நாள்களின் கூலியையும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். தங்கள் கூலியை இழந்து வருகிறவருக்கு இயந்திரத்தைப் பார்க்க மனம் வராது.

பேட்டைத் தம்பிக்கும் இதையேதான் சொல்கிறேன். அவர் வாங்க நினைப்பது, கணினியில் கொடுத்த வடிவத்தைப் பலகையில் குடைந்து எடுக்கும் சி.என்.சி. ரூட்டர். அதில் நிற்கப் போவது அவருடைய தங்கை மகன், ஐ.டி.ஐ. முடித்த பையன். அந்தப் பையன் எங்களோடு வரட்டும். ரயில் டிக்கெட்டை நான் சேர்த்தே எடுத்துவிடுகிறேன். அவர்கள் பட்டறையில் அன்றாடம் புழங்கும் பலகையில் இரண்டு துண்டு மட்டும் கொடுத்தனுப்பினால் போதும், ஆசாரியின் சாக்கில் இடம் இருக்கிறது.