பம்ப் வைத்தால் மாற்று இதயம் வேண்டாமா?

அண்ணே, தேவகோட்டைக் குழந்தைக்குப் பணம் திரட்டுவது நல்ல காரியம். ஆனால் "செயற்கை இதயம் பொருத்திவிட்டால் போதும், மாற்று இதயமே தேவையில்லை, ஒரே மாதத்தில் ஊருக்குக் கூட்டி வந்துவிடலாம்" என்று நீங்கள் எழுதியது சரியில்லை. அந்தக் குழந்தையின் அப்பத்தா இதை நம்பிவிடுவார்.

நீங்கள் செயற்கை இதயம் என்று சொல்வது, பிஞ்சுக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைக்கும் பெர்லின் ஹார்ட் எக்ஸ்கார் என்ற பம்ப். இதயத்துக்குத் துணையாக ரத்தத்தைத் தள்ளிவிடும். 2011 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இதயத்தை எடுத்துவிட்டு வைப்பதல்ல இது. இதயம் உள்ளேயே இருக்கும். குழாய்கள் விலாவுக்குக் கீழே தோல் வழியாக வெளியே வரும். பம்ப் வயிற்றின் மேல் கிடக்கும். இருப்பதிலேயே சின்ன பம்ப் ஒரு துடிப்புக்குத் தள்ளுவது 10 மில்லிலிட்டர் ரத்தம்தான். காற்றழுத்தத்தால் ஓட்டும் பெட்டியோடு இணைந்திருப்பதால், பொதுவாக ஆஸ்பத்திரி வாசம்தான்.

பம்பின் கூடு கண்ணாடி போலத் தெரியும். ரத்தக்கட்டி ஒட்டியிருக்கிறதா என்று நர்ஸ் டார்ச் அடித்துப் பார்ப்பார். காரணம் பக்கவாத பயம். 2012-இல் வெளியான 48 குழந்தைகளின் ஆய்வில் 29 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது. ஆனாலும் பெரும்பாலானோர் மாற்று இதயம் கிடைக்கும்வரை தாக்குப்பிடித்தார்கள், அதுதான் இதன் பெரிய பலன்.

இதயத்தசை அழற்சி வந்த சில குழந்தைகளுக்கு இதயம் தானே தேறி, பம்பைக் கழற்றியதும் உண்டு. பிறவியிலேயே இதயத்தில் ரத்தத்தைத் தள்ளும் கீழறை இரண்டுக்குப் பதில் ஒன்றே உள்ள குழந்தைக்கு அப்படி எதிர்பார்க்க முடியாது, பம்ப் வைப்பதே அங்கே கடினம்.

அதனால் அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள், அண்ணே. பம்ப் பற்றிப் பேசும்போதே மாற்று இதயத்துக்குப் பதிவு செய்வது பற்றியும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அது டிரான்ஸ்டான் என்ற அரசின் உறுப்பு மாற்று ஆணையம் வழியாக நடக்கிறது.