எழுந்திருக்காத அந்தப் பெண்

பள்ளிகளில் மனித உரிமையைத் தனிப்பாடமாக்கி மதிப்பெண்ணும் தர வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். 26 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள் நான். பாடம் வரட்டும், மதிப்பெண் மட்டும் வேண்டாம். அது வந்தால் மறுநாளே கைடும் வந்துவிடும்.

'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று நம் பாடநூல்களில் எத்தனையோ வருடமாக அச்சடிக்கிறோம். அப்படியும் 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவனைச் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. வெட்டியவர்களில் உடன் படித்த பிள்ளைகளே இருந்தார்கள். அதன்பின், மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுக்கு அது கேட்ட தடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்று அதில் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அதுதான் பெரிது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உதவித்தொகைப் படிவம் வந்தால், "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிங்க" என்பார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்திருக்கவே இல்லை. பணமே வேண்டாம் என்று வீட்டில் அழுதிருக்கிறாள். அவள் அம்மா வந்து சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அதுவரை நானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். பிறகு ஒவ்வொருவராக ஆசிரியர் அறைக்கு வரச்சொல்லிப் படிவம் கொடுத்தேன். பத்து நிமிடம் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான்.

மாணவர்களுக்குப் பாடம் எழுதும் முன், எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். ஒருநாள் கூட்டமாக இல்லாமல், ஆண்டுதோறும்.