ஹாப்ரேவைத் தண்டித்தது ஹேக் நீதிமன்றம் அல்ல
சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹாப்ரேவை ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தண்டித்தது என்றும், வழக்கை நடத்தியவர்கள் முழுக்க மேற்கத்திய வழக்கறிஞர்களே என்றும் ஒரு செய்தி பகிரப்படுகிறது. இரண்டுமே தவறு.

அந்த நீதிமன்றம் 2002 ஜூலை 1-க்குப் பிந்தைய குற்றங்களை மட்டுமே விசாரிக்க இயலும். ஹாப்ரே ஆண்டதோ 1982 முதல் 1990 வரை. 2016 மே 30 அன்று மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி செனகல் தலைநகர் டக்காரில் அமைக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றம். தலைமை நீதிபதி புர்கினா ஃபாசோவைச் சேர்ந்தவர்.

பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜாக்குலின் மூதெய்னா சாட் நாட்டவர். 2001-இல் கையெறி குண்டுத் தாக்குதலில் படுகாயமடைந்தும் வழக்கைக் கைவிடாதவர். அவரை மறைத்துவிட்டு இக்கதையைச் சொல்வது, பிழை என்பதைவிட அநீதி என்றே கூற வேண்டும்.

வெளிநாட்டினரின் பங்கும் சிறிதன்று. மனித உரிமைக் கண்காணிப்பகம் (Human Rights Watch) என்ற அமைப்பின் அமெரிக்க வழக்கறிஞர் ரீட் பிராடி பாதிக்கப்பட்டோருடன் பல ஆண்டுகள் உழைத்தார். கைவிடப்பட்டுக் கிடந்த, ஹாப்ரே ஆட்சியின் ரகசியக் காவல்துறை ஆவணங்களை அவ்வமைப்பினர் 2001-இல் சாட் தலைநகர் இன்ஜமேனாவில் கண்டெடுத்தனர். ஹாப்ரே தஞ்சம் புகுந்திருந்த செனகலின் நீதிமன்றங்கள் வழக்கை ஏற்க மறுத்த காலத்தில், பெல்ஜியக் குடியுரிமை பெற்றிருந்த சாட் நாட்டினர் சிலர் பெல்ஜியத்தில் அளித்த புகாரே கைகொடுத்தது. அதன் தொடர்ச்சியாக பெல்ஜியம் தொடுத்த வழக்கில், ஹாப்ரேவை நாடுகடத்தாவிடில் தாமதமின்றி வழக்கு விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2012-இல் செனகலுக்கு உத்தரவிட்டது. ஹேக் நகரிலுள்ள அந்த மற்றொரு நீதிமன்றம் நாடுகளுக்கிடையேயான வழக்குகளை மட்டுமே விசாரிப்பது. தனிநபர் எவரையும் தண்டிப்பதில்லை.