பக்க எண்ணையும் போட்டுடுங்க சாமி

நேத்து ராத்திரி தமிழ் விக்கிப்பீடியாவில் வேலூர் பற்றிய ஒரு கட்டுரையில் கை வைத்தேன். எங்க ஊர் மே மாசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஃபேன் அனலைத்தான் சுற்றிவிடுகிறது. தகவல் எங்கிருந்து எடுத்தது என்று காட்டும் மேற்கோளைச் சேர்த்து முன்தோற்றம் பார்த்தால் சிவப்பு எழுத்தில் பிழை. இருபது நிமிஷம் தேடினேன். மேற்கோளைச் சுற்றிப் போடுகிற ரெஃப் குறியை மூடுகிற இடத்தில் சாய்கோடு விட்டுப்போயிருக்கிறது. மொபைல் கீபோர்டில் அந்தச் சாய்கோடு இருக்கிற இடத்துக்குப் போய், தமிழுக்குத் திரும்பி வருவதற்குள் எழுத நினைத்ததே மறந்துவிடும்.

ஆனா அந்தச் சிவப்பு நல்ல பிள்ளைங்க. கண்ணில் படும், யாராவது சரிசெய்துவிடுவார்கள். வார்ப்புருவுக்குள், அதாவது ஆசிரியர், தலைப்பு என்று கட்டம் கட்டமாக நிரப்புகிற அச்சுக்குள், அழகாக உட்கார்ந்திருக்கும், தேடிப் போனால் வழி தெரியாது; அந்த மாதிரி மேற்கோளைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

ஒருத்தர் 'வட ஆற்காடு மேனுவல்' என்று, வெள்ளைக்காரர் காலத்து மாவட்டக் கையேட்டின் பெயரை மட்டும் போட்டிருந்தார். காக்ஸ் எழுதி 1881-இல் வந்ததா, பிறகு ஸ்டூவர்ட் திருத்தி இரண்டு தொகுதியாக வந்ததா? எந்தப் பக்கம்? இரண்டு தொகுதியையும் நானே புரட்டணுமா?

ஆண்டு போடாவிட்டால் எங்க மாவட்டத்தில் கதையே மாறிவிடும். வேலூர் அடங்கிய அந்தக் காலத்து வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் சித்தூர், திருப்பதியும் அதில்தான் இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் போயின. 'வட ஆற்காட்டில் இத்தனை ஏரிகள்' என்றால் எந்த வட ஆற்காடு? வேலூர் மாவட்ட மக்கள்தொகை 39 லட்சம் என்று இன்னமும் எழுதுகிறார்கள். 2011 கணக்கெடுப்பு என்று சான்றும் இருக்கும், சான்றும் சரிதான். ஆனால் அந்த 39 லட்சத்தில், இப்போது வேறு மாவட்டங்களுக்குப் போய்விட்ட ஆம்பூர்க்காரரும் அரக்கோணத்துக்காரரும் சேர்த்தி. கணக்கெடுத்த ஆண்டை வாக்கியத்திலேயே சொன்னால் வாசிக்கிறவர் ஏமாறமாட்டார்.

இன்னொரு கூத்து, ஆசிரியர் பெயர். வார்ப்புருவில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம்ம ஆளுக்கு ஏது கடைசிப் பெயர்? முன்னெழுத்தை ஒரு கட்டத்திலும் பெயரை இன்னொன்றிலும் பிய்த்துப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுகிறார்கள். 'ஆசிரியர்' என்று ஒரே கட்டமும் இருக்கிறது. அட்டையில் இருக்கிறபடியே முழுசாக அதில் எழுதினால் முடிந்தது.

நானும் ஒழுங்கில்லை. கோட்டை பற்றி ஒரு பத்திரிகைச் செய்தியின் இணைப்பை, தலைப்புகூட இல்லாமல், வெறுமனே ஒட்டிவைத்திருந்தேன். அவர்கள் தளத்தை மாற்றிக் கட்டினார்கள், இணைப்பு செத்துப்போனது. தலைப்பும் தேதியும் இருந்திருந்தால் நூலகத்தில் பழைய தாளைப் புரட்டியாவது எடுத்திருக்கலாம். இப்போதெல்லாம் இணைப்பைப் போடுமுன் இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு நகல் எடுத்து, அதன் முகவரியையும் பார்த்த தேதியையும் சேர்த்துவிடுகிறேன். கூடுதலாக ஒரு நிமிஷம் ஆகும்.

ஜூலை 10 வரப்போகிறது. 1806 வேலூர்ப் புரட்சிக் கட்டுரையில் செத்தவர்கள் இத்தனை பேர் என்று ஆளாளுக்கு ஒரு எண்ணிக்கையை ஏற்றுவார்கள். ஏற்றுங்க, கூடவே எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்றும் போடுங்க. இல்லாவிட்டால் 'சான்று தேவை' ஒட்டுவேன், கோவிச்சுக்கக் கூடாது.

ஸ்டூவர்ட் பதிப்பு யாரிடமாவது இருந்தால், வேலூர்க் கோட்டை வருகிற பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன். தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து.