பத்து நாள் லீவு போட்டும் போகாத அசதி

போன வருடம் பத்து நாள் லீவு போட்டேன். எங்கும் பயணம் போகவில்லை, உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்றுதான். முதல் நாள் அலமாரி. இரண்டாம் நாள் பிள்ளையைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அப்புறம் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட வங்கி வேலை, பெரியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை, தைக்கக் கொடுக்க வேண்டிய துணி, இப்படியே போயிற்று. "வீட்லதானே இருக்கே" என்ற ஒரு வார்த்தைக்குள் இத்தனை அடங்கும் என்று அதற்கு முன் தெரியாது. பதினோராம் நாள் அலுவலக நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் வாயிலிருந்து தானாக வந்தது: "அப்பாடா, உட்கார்ந்தாச்சு."

அதை நானே கேட்டுத் திடுக்கிட்டேன்.

எனக்கு வந்திருந்ததன் பெயர் பர்ன்அவுட். இந்தச் சொல்லைத் தமிழில் மனச்சோர்வு என்று எழுதிவிடுகிறார்கள், அது டிப்ரெஷன் என்ற நோய், இது வேறு. எண்ணெய் தீர்ந்த பிறகும் திரி எரிந்துகொண்டிருக்குமே, கருகல் வாசனையோடு, அதுதான் இது. 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதினார். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் வேலை பார்த்தவர். அங்கே கருகிப்போனவர்கள் வேலையில் மனம் ஒட்டாதவர்கள் இல்லை, ராப்பகல் பார்க்காமல் உழைத்தவர்கள்தான், அவரும் அதில் ஒருவர். 2019இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதற்கு மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலை மேல் ஒரு வெறுப்போ விலகலோ வருவது, நாம் செய்வதில் பலனே இல்லை என்று தோன்றுவது. நோய் என்று அல்ல, வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தால் வருகிற நிலை என்று.

என்னைப் பயமுறுத்தியது அந்த இரண்டாவதுதான். அசதி எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் கூட வேலை பார்க்கிற பெண் என்னெதிரே அழுதுகொண்டிருக்கும்போது இவள் எப்போது முடிப்பாள் என்று கடிகாரத்தைப் பார்த்தேன் பாருங்கள், அந்த விட்டேத்தித்தனம் என் சுபாவமே இல்லை.

சரி, அந்த வரையறையோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. வேலையிடத்துக்கு மட்டுமே இந்தச் சொல் பொருந்தும், வாழ்க்கையின் மற்ற இடங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் தெரிகிறது, இல்லாவிட்டால் நிறுவனங்கள் சுலபமாக "வீட்டுப் பிரச்சினை" என்று கையைக் கழுவிவிடும். ஆனால் பெண்ணுக்கு எத்தனை வேலையிடம்? சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட் 1989லேயே அலுவலகம் முடிந்து வீட்டில் தொடங்கும் வேலையை இரண்டாவது ஷிப்ட் என்று சொல்லிவிட்டார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி உலகில் சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்குச் செலவாகும் மொத்த நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது. முதல் ஷிப்டுக்கு லீவு எழுதிக்கொடுக்கலாம். இரண்டாவதற்கு யாரிடம் கொடுப்பது?

அதிலும் என்னை அரித்தது கையால் செய்கிற வேலை இல்லை, ஞாபகம் வைத்திருக்கிற வேலை. தடுப்பூசித் தேதி, பள்ளிக்கூடம் கேட்ட படிவம், தீரப்போகிற மாத்திரை, எல்லாம் என் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். என் கணவர் நல்ல மனிதர், "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சிடறேன்" என்பார். அங்கேதான் சிக்கல். சொல்வதும் ஒரு வேலை, செய்தாரா என்று பார்ப்பது இன்னொரு வேலை. வீட்டிலும் நான் சூப்பர்வைசர், சம்பளம் இல்லாத சூப்பர்வைசர்.

அதனால் நான் உதவி கேட்பதை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூட விஷயம் முழுவதும் இனி உங்களுடையது என்று கொடுத்துவிட்டேன், வாட்ஸப் குழு உட்பட. இரண்டாவது வாரமே வரைபடத் தாள் வாங்க மறந்துவிட்டார், பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தது. முந்தைய நாள் இரவே எனக்கு ஞாபகம் இருந்தது, நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். கொடூரம் என்று என் தோழி திட்டினாள். இருக்கலாம். ஆனால் நான் ஞாபகப்படுத்தியிருந்தால் அது திரும்ப என் வேலையாகியிருக்கும், அவ்வளவுதான்.

அலுவலகத்திலும் இதே கதை உண்டு. கூட்டக் குறிப்பு எழுதுவது, பிரிவுபசார ஏற்பாடு, புதிதாகச் சேர்ந்தவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பது, பதவி உயர்வு நேரத்தில் யாரும் எண்ணாத வேலைகள். பொருளாதார அறிஞர் லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் இப்படிப்பட்ட வேலைக்குப் பெண்கள்தான் அதிகம் கை தூக்கினார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில்? அவர்களே தாராளமாக முன்வந்தார்கள். அதாவது அவர்களால் முடியும், நாம் பக்கத்தில் இருந்தால்தான் முடியாது. இதைப் படித்த மறுவாரம் கூட்டத்தில் "யார் குறிப்பு எடுக்கிறீங்க" என்று கேட்டபோது நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டே இருந்தேன். மௌனம் ரொம்ப நீளமாக இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

உடனே எல்லாரும் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். ஒப்பந்த வேலையில் இருப்பவளும் தனியாகப் பிள்ளை வளர்ப்பவளும் முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்கு எழுந்து தியானம் செய் என்று அவர்களுக்குச் சொல்வது மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நீண்டு கிடக்கிற பட்டியலில் அது இன்னொரு வரி.

ஒன்று மட்டும் யாராக இருந்தாலும் செய்யுங்கள், ரத்தம் பரிசோதித்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு குறைவும் இதே அசதியைத்தான் தரும், இரண்டும் பெண்களுக்கு அதிகம். எனக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்தது, ஆறு மாதம் வேலையைத் திட்டியதில் பாதி அதனுடைய பங்கு. பிடித்த எதிலுமே வாரக்கணக்கில் மனம் ஒட்டவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, வாழ்வதே வேண்டாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் அது பர்ன்அவுட் என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மருத்துவரிடம் போங்கள், இன்றைக்கே.

தேறுவதற்கு எனக்குக் கிட்டத்தட்ட எட்டு மாதம் ஆனது. அலுவலக மெயிலைச் சொந்த ஃபோனிலிருந்து நீக்கிய முதல் வாரம் கை அரித்தது. வேலை முடிந்த பின் மனமும் வேலையை விட்டு விலகினால்தான் உடம்பு மீளும் என்று உளவியலாளர் சபீன் சொனென்டாக் பல ஆண்டுகளாக ஆய்ந்து எழுதிவருகிறார், எனக்கு அது புரிந்ததே மெயிலை நீக்கிய பிறகுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் தடுப்பூசி அட்டை எங்கே என்று கணவர் கேட்டார். எங்கே என்று எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். இருபது நிமிடம் தேடிக் கண்டுபிடித்தார். நான் படுத்திருந்தேன்.